‘இந்தச் சாட்சி தேவையில்லை’ என்று அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

பாக்கடல் வாசி (தங்கச்சிமடம்)

2019ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிவதற்குச் சற்று முன், என் மூத்த அண்ணன் சென்ற நாட்டுப்படகின் மீது, கரை திரும்பிக்கொண்டிருந்த விசைப்படகு ஒன்று மோதியது. படகில் இருந்த மூவரில் இருவரை அடுத்த படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள்; அண்ணனின் உடல் மறுநாள் மதியம்தான் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று நாள் வகுத்திருப்பதும், மீன்வளத் துறையின் டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவை. அந்தத் திங்கட்கிழமை டோக்கன் வாங்கிய படகுகள் எவை என்பது ஒரு பதிவேட்டில் இருந்தது. மோதிய படகின் அணியத்தில் (முன்முனையில்) எங்கள் படகின் பச்சை வண்ணம் கையகல நீளத்துக்கு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். பக்கத்துப் படகில் இருந்த ஒருவர், டார்ச் வெளிச்சத்தில் விசைப்படகின் எண்ணைப் படித்து அன்றே காவல் நிலையத்தில் சொன்னார்.

கப்பலை அல்லது படகைக் கவனக்குறைவாகச் செலுத்தியதற்கான 280ஆவது பிரிவிலும், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 304-ஏ பிரிவிலும் வழக்கு நடந்தது. ஆறு ஆண்டுகள் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, சென்ற மாதம் விடுதலை என்று தீர்ப்பு வந்துவிட்டது. மோதிய படகு இதுதான் என்பதை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம். தீர்ப்பைப் படித்துப் பார்த்தபோது நடுவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் டோக்கன் பதிவேடு நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. வண்ணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. எண்ணைப் படித்தவருக்கு முதல் முறை சம்மன் வந்தபோது அவர் கடலில் இருந்தார். அடுத்த வாய்தாவுக்குக் கடலுக்குப் போகாமல் கரையில் தங்கி, பேருந்து ஏறி நீதிமன்றம் போனார். அரசு உதவி வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, ‘உங்கள் சாட்சியம் தேவையில்லை, நீங்கள் போகலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் பணம் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எழுத மாட்டேன். நான் கேட்பது வேறு. காவல் துறையின் பிழையைக் குற்றப்பத்திரிகையில் காட்டலாம். நடுவரின் பிழையைத் தீர்ப்பில் காட்டலாம். அரசு வழக்கறிஞரின் பிழையோ கேட்காமல் விட்ட கேள்வியிலும் அழைக்காமல் விட்ட சாட்சியிலும் இருக்கிறது. கேட்காத கேள்விக்கு எந்தக் காகிதம் இருக்கிறது? அவரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

நெறியாளர்

இந்த இழையில் பெயரைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட ஒரு மறுமொழி நீக்கப்பட்டுள்ளது. எந்த நீதிமன்றம், எந்த அலுவலர் என்பதை ஊகித்து எழுத வேண்டாம்.

கருப்பு அங்கி (இராமநாதபுரம்)

ஐயா, உங்கள் அண்ணனுக்கு என் அஞ்சலி. நான் இம்மாவட்டத்தில் வழக்காடுபவன். எதிர்த்தரப்பில் நிற்பவனாகவே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கணக்குக் கேட்க வாசல்களுக்குக் குறைவில்லை. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் தோன்றும் அரசு உதவி வழக்கறிஞர்கள் தேர்வாணையத் தேர்வு எழுதி வந்த அரசு ஊழியர்கள். அவர்கள் மீது மற்ற ஊழியர்களைப் போலவே ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 17(பி) குற்றச்சாட்டு கொடுக்க முடியும். அமர்வு நீதிமன்றத்தில் தோன்றும் பிபி (பப்ளிக் பிராசிகியூட்டர், அதாவது அரசு வழக்கறிஞர்) அப்படி வருபவர் அல்லர். மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியுடன் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு அவரை நியமிக்கிறது. ஏழு ஆண்டு அனுபவம் இருந்தால் போதும். ஆட்சி மாறினால் பிபியும் மாறுவார் என்பது நீதிமன்ற வளாகத்தில் தேநீர் விற்பவருக்குக்கூடத் தெரியும். இந்த நியமனத்தில் தகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2016இல் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருவருமே குற்ற வழக்குத் தொடர்வுத் துறைக்குக் கட்டுப்பட்டவர்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 25-ஏ பிரிவாக இருந்தது இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 20ஆவது பிரிவு. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்குகளைக் கண்காணிப்பது உதவி இயக்குநர், ஏழு முதல் பத்துக்குள் துணை இயக்குநர், அதற்கு மேல் இயக்குநர் என்று சட்டமே பிரித்துக் கொடுத்துவிட்டது. அரசுப் பணியில் இருந்தாலும் அவர் வழக்கறிஞர் என்ற தன்மையை இழப்பதில்லை என்று தீபக் அகர்வால் வழக்கில் 2013இல் தீர்ப்பு இருப்பதால், வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவின் கீழ் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்கும் எழுதலாம். கையூட்டுக்குச் சான்று இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை.

ஆனால் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. இத்தனை வாசல்களில் எதைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது ‘ஆவணம் எங்கே?’ என்பதுதான்.

மரைக்கார் தெரு (கீழக்கரை)

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மச்சான் கடல் அட்டை ஏற்றிய வண்டியில் கூலிக்குப் போய் மாட்டிக்கொண்டவர். 2001இலிருந்து அட்டை பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. சட்டம் சட்டம்தான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஜாமீன் மனு ஒவ்வொரு முறை விசாரணைக்கு வந்தபோதும் அரசு வழக்கறிஞர் எழுந்து, ‘கட்டு வரவில்லை, ஆட்சேபணை தெரிவிக்க அவகாசம் வேண்டும்’ என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார். கட்டு வராமலே நான்கு முறை ஆட்சேபித்தார். வண்டியின் உரிமையாளர் முன்ஜாமீனில் வெளியே இருந்தார். சுமை தூக்கியவர் உள்ளே இருந்தார். என் ராத்தா பெருநாளைக்கும் சிறை வாசலில்தான் நின்றாள்.

எனவே, வழக்கைக் கைவிடுவது மட்டுமே முறைகேடு என்று பேசிவிடாதீர்கள். படிக்காமல் எதிர்ப்பதும் முறைகேடுதான். எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வேட்கை அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவர் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று 1999இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் சொல்லப்பட்டிருப்பதாக எங்கள் வக்கீல் காட்டினார்.

பழைய கட்டு (பரமக்குடி)

நான் அரசு உதவி வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் என்னைப் போன்றவன் எழுதாமல் இருப்பதே நாகரிகம் என்று மனைவி சொன்னாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்பதைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு, கோர்ட் டியூட்டி பார்க்கும் காவலர்கள் அன்றைய வழக்குக் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். வெவ்வேறு நிலையங்கள், வெவ்வேறு காவலர்கள். ஒருவர் கட்டை நிலையத்திலேயே மறந்துவிட்டு வந்திருப்பார். பத்தரைக்கு நீதிமன்றம் உட்காரும். இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் மூன்று சாட்சிகள் காவல் துறையிடம் கொடுத்த 161 வாக்குமூலத்தைப் படித்து, அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி, எதை எந்த வரிசையில் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்து நீதிமன்றத்து உதவி வழக்கறிஞர் பணியிடம் காலியாக இருந்தால் அந்தக் கட்டுகளும் என் மேசைக்கே வரும். மரைக்கார் தெரு நண்பர் சொன்ன ‘கட்டு வரவில்லை’ என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். பல நாட்களில் அது உண்மையாகவே இருந்தது. ஆனால் கட்டு வராத நிலையில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று சொல்ல ஒரு நாளும் எனக்குத் துணிவு வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாள் காவல் துறையிலிருந்து கேட்கப்போவது என்னைத்தான்.

பாக்கடல் வாசி ஐயாவிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நடுவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வருகிறது. எந்தக் கட்டத்திலும் எந்தச் சாட்சியையும் தாமே அழைக்கும் அதிகாரம் பழைய 311, இப்போதைய 348ஆவது பிரிவின்படி நீதிமன்றத்துக்கு இருக்கிறது. படகின் எண்ணைப் பார்த்தவர் என்று குற்றப்பத்திரிகையில் ஒருவர் இருக்கும்போது, அவர் ஏன் விசாரிக்கப்படவில்லை என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்க வேண்டாமா? நாங்கள் தூங்கும்போது மேடையும் சேர்ந்து தூங்கினால், பழியை எங்கள் தலையில் மட்டும் கட்டுவது சரியன்று.

பாக்கடல் வாசி (தங்கச்சிமடம்)

பழைய கட்டு ஐயா, உங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி. பணிச்சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வழக்கில் சாட்சி வாசலில் நின்றார். அவரை விசாரிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நாள் பிழைப்பை இழந்து வந்தவரைத் திருப்பி அனுப்பியதைச் சுமையின் கணக்கில் எழுத முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய கட்டு (பரமக்குடி)

முடியாது. கட்டு பெரிதாக இருந்தால் சாட்சிகளைக் குறைக்கத் தோன்றும். ஒரே விஷயத்தைச் சொல்ல வந்த ஐந்து பேரில் மூவரைக் கைவிடுவது வழக்கம், அதில் தவறில்லை. முக்கியமான ஒரே சாட்சியைக் கைவிடுவது கட்டைப் படிக்காதவர் செய்வது. அல்லது நன்றாகப் படித்தவர் செய்வது.

உப்பங்காற்று (மண்டபம்)

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன்.

நம் மாநிலத்துக்கு இது புதிதன்று என்பதை நினைவூட்டுகிறேன். முதல்வராக இருந்தவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், ஏற்கெனவே சாட்சியம் அளித்த 76 பேரைத் திரும்ப அழைத்தபோது 64 பேர் பழைய வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினார்கள்; அரசு வழக்கறிஞர் அதைத் தடுக்க முனையவில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். குஜராத்தில் 2002 கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் அரசு வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் போல நடந்துகொண்டார் என்று 2004 ஏப்ரலில் கடுமையாகச் சொல்லி, மறு விசாரணையை மகாராஷ்டிரத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டிலும் வழக்கு காப்பாற்றப்பட்டது. எனக்கு உறுத்துவது, வழக்கை மாற்றினார்களே தவிர, அந்த வழக்கறிஞர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது யாருடைய நினைவிலும் இல்லை. நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றியதோடு நம் மருத்துவம் முடிந்துவிடுகிறது.

கடல் தாண்டியவன் (தேவிபட்டினம், தற்போது ஹூஸ்டன்)

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் மைக்கேல் மார்ட்டன் என்பவர் மனைவியைக் கொன்றதாக 1987இல் தண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையில் இருந்த பின், மரபணுச் சோதனையால் 2011இல் வெளியே வந்தார். அவருக்குச் சாதகமான தகவல்கள் அரசு வழக்கறிஞரின் கையில் இருந்தும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த வழக்கறிஞர் இதற்குள் நீதிபதியாகவே உயர்ந்துவிட்டிருந்தார். 2013இல் அவருக்குக் கிடைத்த தண்டனை பத்து நாள் சிறை. வழக்கறிஞர் உரிமத்தையும் விட்டுக்கொடுத்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பத்து நாட்கள். அதுவே இங்கு அபூர்வமாகப் பேசப்பட்டது, ஏனென்றால் வழக்கு நடத்தும் பணியில் செய்தவற்றுக்காக அரசு வழக்கறிஞர் மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று 1976இலேயே இந்நாட்டு உச்ச நீதிமன்றம் முழு விலக்கு அளித்திருக்கிறது.

கருப்பு அங்கி (இராமநாதபுரம்)

அமெரிக்காவுக்குப் போய்வந்தாகிவிட்டதால் இராமநாதபுரத்துக்குத் திரும்புவோம்.

விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 7 அன்று குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் ஒரு கட்டளை இட்டது. ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட அவ்வழக்கில், விசாரணையிலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளால் குற்றவாளியைத் தண்டிக்க முடியாமல் போனது. அந்த வேதனையில், ஒவ்வொரு மாநிலமும் காவல் துறை, வழக்குத் தொடர்வுத் துறை ஆகியவற்றின் மூத்த அதிகாரிகளைக் கொண்ட நிலைக்குழு அமைக்க வேண்டும், விடுதலையான வழக்குகளை அது ஆராய வேண்டும், தவறு யாருடையது என்று குறிக்க வேண்டும், அலட்சியமோ உள்நோக்கமோ தெரிந்தால் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆறு மாத அவகாசம் தந்தார்கள். பாக்கடல் வாசி ஐயா, நீங்கள் தேடும் அதிகாரம் ஏட்டளவில் இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வழக்கின் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தீர்ப்பு நிலைக்குழுவின் முன் வைக்கப்பட்டதா, வைக்கப்பட்டிருந்தால் என்ன முடிவு என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்யலாமா என்று முதலில் கருத்துச் சொல்பவர், வழக்கை நடத்திய அதே வழக்கறிஞர். தாம் கைவிட்ட சாட்சியைக் காரணம் காட்டி, ‘மேல்முறையீட்டுக்கு உகந்தது’ என்று யாராவது எழுதுவார்களா? அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் குடும்பம் நேரடியாக மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் 372ஆவது பிரிவில் இருக்கிறது. புதிய சட்டத்தில் 413. இதற்கு முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் முடிவாகிவிட்டது. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கக் கோரவும் வழி உண்டு (பழைய 391, புதிய 432). டோக்கன் பதிவேடும் எண்ணைப் படித்தவரும் அந்த வழியில் உள்ளே வரலாம்.

அலையாத்தி (தொண்டி)

கருப்பு அங்கி அண்ணன் சொல்வதுடன் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். எங்கள் வீட்டு வழக்கு நடந்தபோதே நாங்கள் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டோம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகப் பாதிக்கப்பட்டவர் தம் வழக்கறிஞரை அமர்த்தலாம் என்று சட்டம் சொல்கிறது. அவர் குறுக்கே எழுந்து பேச முடியாது, ஆனால் சாட்சியம் முடிந்தபின் எழுத்து வாதம் கொடுக்கலாம். எங்கள் வழக்கறிஞர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள், இன்னார் வருகிறார், அவரிடம் கேட்க வேண்டியவை இவை என்று அரை பக்கம் எழுதி, அரசு வழக்கறிஞர் அம்மாவிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிவிடுவார். அந்த அம்மா முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது வாய்தாவில் அவரே, ‘நாளைக்குக் குறிப்பு எங்கே?’ என்று தொலைபேசியில் கேட்டார். அவர் நேர்மையானவர், நேரமில்லாதவர். தண்டனை வந்தது.

நேர்மையில்லாதவராக இருந்திருந்தால், அந்தக் கையொப்பமிட்ட அரை பக்கங்கள்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கும். கேட்காத கேள்விக்குக் காகிதம் ஏது என்று பாக்கடல் வாசி ஐயா கேட்டாரே, அதற்கு எங்கள் பதில் இதுதான். ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வீடு என்ன செய்யும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

உப்பங்காற்று (மண்டபம்)

பணம் இல்லாத வீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு தந்தையை நினைத்துக்கொள்ளலாம். 2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபின், அவனுடைய கோரிக்கைக்கு இணங்கித் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) வழக்குகளைத் திரும்பப் பெற அரசுகள் முனைந்தன. கர்நாடகத்தில் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டார். சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தும்விட்டது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் போனார். அரசு சொன்னதை அப்படியே எழுதிக் கொடுப்பது அரசு வழக்கறிஞரின் வேலையன்று, அவர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, அவ்வாண்டு நவம்பரில் அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். இப்போதைய 360ஆவது பிரிவில், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வழக்கைத் திரும்பப் பெற அனுமதிக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

மரைக்கார் தெரு (கீழக்கரை)

அது எழுதி மனுப் போட்டுக் கைவிட்ட வழக்கு. அதனால் எதிர்த்து நிற்க ஒரு மனு இருந்தது. இந்த ஐயாவின் வழக்கை மனுப் போடாமலே கைவிட்டிருக்கிறார்கள்.

பழைய கட்டு (பரமக்குடி)

முற்றிலும் அப்படியில்லை, தம்பி. குற்றப்பத்திரிகையில் உள்ள சாட்சியை விசாரிக்காமல் விடும்போது, கைவிடுவதாக ஒரு குறிப்பு நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். ஒரு வரிதான் இருக்கும், காரணம் இருக்காது. ஆனால் கையொப்பமும் தேதியும் இருக்கும். அதன் நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். சாட்சி ‘வராததால்’ கைவிடப்பட்டார் என்று அதில் எழுதியிருந்தால், அவர் அன்று வந்திருந்தார் என்று காட்ட வேண்டும். வந்த சாட்சிக்குப் படி (செலவுத் தொகை) கொடுக்க வேண்டும். ஐயா, அவர் அன்று படி வாங்கினாரா? வாங்காவிட்டாலும், எழுத்தர் எங்காவது கையொப்பம் வாங்கினாரா?

கருப்பு அங்கி (இராமநாதபுரம்)

இது எனக்குத் தோன்றவில்லை. எதிர்த்தரப்பில் நின்றவனுக்குப் படிப் பதிவேடு எதற்கு? பாக்கடல் வாசி ஐயா, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடும்போதே கைவிட்ட குறிப்புக்கும் சேர்த்துப் போடுங்கள். மின் நீதிமன்ற இணையதளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள பதினாறு இலக்கச் சிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு வாய்தாவின் சுருக்கமும் கிடைக்கலாம். அந்தத் தேதியின் பக்கத்தை இன்றே அச்செடுத்து வையுங்கள். துறைக்கு எழுதும் புகார் இவை கையில் வந்த பிறகு போகட்டும். மேல்முறையீடு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

பாக்கடல் வாசி (தங்கச்சிமடம்)

சற்று முன் அவருடைய வீட்டுக்குப் போய்வந்தேன். கடலில் இருக்கிறார், நாளை காலையில்தான் கரைக்கு வருவார். அவர் மனைவி சொன்னதை எழுதுகிறேன்: படி எதுவும் வரவில்லை, ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், ‘ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்’ என்று சொன்னாராம். எந்த நோட்டு என்று கேட்டு எழுதுகிறேன்.